ஊருக்கு ஒரு வாய்

பாலோடைப்பாளையத்தில், ஓடையில் எறிந்ததெல்லாம் எறிந்தவர் வாய்க்கே மறுநாள் திரும்பி வரத் தொடங்கிய அந்த ஆடி மாதத்தில், முதலில் மாட்டியவர் கோழிக்கடைக்காரர். விடியற்காலையில் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, வாய்க்குள் விரலை விட்டு ஈர இறகுகளைப் பிடி பிடியாக இழுத்துப் போட்டார். இறகு தீர்ந்ததும் குடல் வந்தது, குடல் தீர்ந்ததும் மஞ்சள் கால்கள் நகத்தோடு வந்தன, எல்லாமே முந்தின நாள் சாக்கில் கட்டிப் பாலத்திலிருந்து அவர் தள்ளிவிட்டவை, ஒரு நகம்கூடக் குறையவில்லை. அவருடைய மனைவி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "கூட்டற வேலை என்றெ தலைல" என்று முனகிக்கொண்டே துடைப்பத்தை எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு வரிசையாக எல்லோருக்கும் வந்தது. டீக்கடைக்காரருக்கு நசுங்கிய காகிதக் கோப்பைகளும் பழைய டீத்தூளும் வந்தன, சலூன்காரருக்கு ஊரார் தலைமுடி மொத்தமும் பந்து பந்தாக வந்தது, கல்யாண மண்டபம் வைத்திருப்பவருக்கு எச்சில் இலைகள் மடித்தது மடித்தபடி ரசம் சொட்டச் சொட்ட வந்தன. வீட்டுப் பெண்கள் தங்களுக்கு என்ன வந்தது என்று வெளியே சொல்லவில்லை, ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஓங்கரிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. வாய் என்ன அளவோ அந்த அளவுதான் ஒரு தடவைக்கு வரும், துப்பினால் அடுத்தது வரும், முந்தின நாள் எறிந்தது தீர்கிற வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது. ஆனால் எங்கள் ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கரண்ட் போகிற மாதிரி, தண்ணீர் லாரி வராத மாதிரி, இதுவும் ஒரு தொந்தரவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இருப்பதிலேயே அதிகத் தொந்தரவு முத்துரத்தினத்துக்கு. ஊரிலேயே பெரிய சாயப்பட்டறை அவருடையது, சாயப்பட்டறை முதலாளிகள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றி அலசிய தண்ணீரெல்லாம் பட்டறைக்குப் பின்னால் ஒரு பெரிய தொட்டியில் சேரும். சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்கு மிஷினும் இருக்கிறது, மிஷினுக்கு முன்னால் ரோஜாத் தோட்டமும் இருக்கிறது, அதிகாரிகள் வருகிற அன்று மட்டும் மிஷின் ஓடும். மற்ற நாட்களில் பொழுது சாய்ந்ததும் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டால் தண்ணீர் நேராக ஓடைக்குப் போய்விடும். பாலோடை என்று பேர் வைத்தவர்கள் எதைப் பார்த்து வைத்தார்களோ தெரியாது, நான் பார்த்த ஓடை ஆர்டருக்கு ஒரு நிறம், ஒரு வாரம் மெரூன், ஒரு வாரம் கருநீலம், நுரை மட்டும் எப்போதும் வெள்ளை.

ஆக, கோழி கூவியதிலிருந்து மத்தியானச் சோற்று நேரம் வரைக்கும் முத்துரத்தினத்தின் வாயிலிருந்து மெரூன் தண்ணீர் கொட்டியது. வாஷ்பேசின் போதவில்லை என்று டிரம் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் வீட்டுச் சுவரெல்லாம் ஆசிட் வாடை ஏறி, வேலைக்காரிகள் மூக்கைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். வால்வைத் தினமும் கையால் திருப்பித் திறந்தவள் பட்டறையில் வேலை செய்கிற பாவாத்தாள். ஆனால் அவள் வாய் சுத்தமாக இருந்தது, வாய் நிறைந்தது முதலாளிக்குத்தான். ஓடைக்கு அந்த அளவுக்காவது நியாயம் தெரிந்திருந்தது என்று நான் அப்போது நினைத்தேன்.

எறியாமல் இருந்தால் வராது என்பது யாருக்கும் தோன்றாமல் இல்லை. பஸ் கண்டக்டர் ஒருவர் டீக்கடையில் வைத்து, "கொஞ்ச நாளைக்கு எறியாம இருந்துதான் பாப்பமே" என்று சொல்லிப் பார்த்தார். "நடக்கற காரியமாச் சொல்லு கண்ணு" என்று எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதற்குப் பதிலாக ஊர் வேறு ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. மூடி போட்ட எவர்சில்வர் துப்புச்சட்டி கடைக்கு வந்தது, கொஞ்ச நாளில் கல்யாணச் சீர்வரிசையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அதுவும் பேர் வெட்டி வைக்கப்பட்டது, பள்ளிக்கூடம் பிள்ளைகள் துப்பி முடிக்கட்டும் என்று நேரத்தைத் தள்ளிவைத்தது, காலையில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்புட்டாச்சுங்களா?" என்பதை விட்டுவிட்டு "வாய் தீந்துதுங்களா?" என்று குசலம் விசாரித்தார்கள். துப்பிய சட்டியை எங்கே கொட்டினார்கள் என்று கேட்கிறீர்களா? ஓடையில்தான். மறுநாள் அது மறுபடி வந்தது, கூடவே அன்றையதும் வந்தது. இதற்கு மேல் எங்கள் ஊர்க்காரர்களின் புத்தியைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். முத்துரத்தினம் டிரம்மோடு வந்திருந்தார், பேச முடியாததால் கையை மட்டும் ஆட்டினார். பேசியவர் அறவாழி, கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர், சங்கத்தின் ஆண்டுமலருக்கு முன்னுரை எழுதுகிறவர்.

"மனிதன் யார்?" என்று தொடங்கினார் அறவாழி. "தோலுக்கு உள்ளே இருப்பவன் மனிதன். தோலுக்கு வெளியே இருப்பது சுற்றுச்சூழல். கையில் இருக்கிற வரைக்கும் ஒரு பொருள் என்னுடையது, கையை விட்டுப் போன நொடியில் அது சுற்றுச்சூழலுடையது. விட்டெறிகிற சுதந்திரம் இருப்பதால்தான் நாம் மனிதர்கள். மாடு எதையாவது எறிந்து பார்த்திருக்கிறீர்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். கோழிக்கடைக்காரர் மட்டும் கடைவாயில் சிக்கிய ஒரு இறகை நாக்கால் தள்ளிக்கொண்டே, "சரிங்க, இந்த வாய் இருக்குதே, இது உள்ள சேத்தியா, வெளிய சேத்தியா?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அறவாழி டீ குடிக்கப் போனார்.

பாவாத்தாளைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது அவளுடைய கதை. தாயும் தகப்பனும் ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்துப் போய்விட, தம்பி தெய்வசிகாமணியை இடுப்பில் வைத்து வளர்த்தவள், அவனுக்காகக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அவனுக்கு மேகலாவைக் கட்டிவைத்து, அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவள். ஆனால் தெருவில் அவளுக்கு இருந்த பேர் அதனால் வந்ததல்ல, சேனையால் வந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை முதன்முதலாக யார் விரலால் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம்தான் குழந்தைக்கு வரும் என்பதை எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார்கள்கூட மறுத்துப் பேசமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாக்கள் திட்டுவார்கள் என்று, வீட்டுக்குக் கொண்டுவந்து வாசற்படி தாண்டுவதற்கு முன்னால் வைப்பார்கள். அந்த விரலுக்கு எல்லோரும் பாவாத்தாளைத்தான் தேடி வந்தார்கள். சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசத் தெரியாத வாய். தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் சேனைதான். தம்பி பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கென்று தனி ஆசை ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்தப் பாவாத்தாள்தான், ஒரு நாள் சம்பளம் வாங்கப் போன இடத்தில், உதடு வெடித்து முகம் வீங்கி டிரம்முக்கு முன்னால் குனிந்திருந்த முத்துரத்தினத்தைப் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தாங்கவில்லை. ஜுரத்தில் கிடக்கிற பிள்ளைக்குச் செய்வதுபோல இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு முன்னால் சுற்றி எடுத்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சடசடவென்று நெட்டி முறித்தாள். "என்னுங்க மொதலாளி இது, இந்தப் பாடு படறீங்களே! உங்க கஷ்டமெல்லாம் என்னுதாப் போவட்டுஞ் சாமி."

மறுநாள் காலையில் முத்துரத்தினம் வாய் வெறுமையாக எழுந்தார். பல் தேய்த்தார், காப்பி குடித்தார், மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாவாத்தாள் வீட்டுப் புழக்கடையில் கருநீலம் ஓடிக்கொண்டிருந்தது.

செய்தி தெரிந்ததும் சங்கம் மறுபடி கூடியது. அறவாழி இந்தத் தடவை தெளிவாக இருந்தார். "பாவாத்தாள் அம்மையாரை யாராவது நிர்ப்பந்தித்தார்களா? இல்லை. ஒரு சுதந்திரமான மனிதர், சுதந்திரமாக, இன்னொருவருடையதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார். மனித குலத்தின் உச்சம் இது. அவருடைய சுதந்திரத்தில் தலையிட நாம் யார்?"

அந்த வாரமே தெய்வசிகாமணி பட்டறையில் சூப்பர்வைசர் ஆனான். முதலாளி பேச முடியாமல் போனால் ஆர்டர் பிடிக்க முடியாது, ஆர்டர் இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்பதையும் பேச்சுவாக்கில் யாரோ பாவாத்தாள் காதில் போட்டார்கள். கட்டாயப்படுத்தவில்லை, அது நிஜம். எங்கள் ஊரில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதே இல்லை. இருக்கிற வழியையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற ஒரே சந்தின் முனையில் மாலையோடு நின்றுகொண்டு, நீயாக வா தாயே என்று சிரிப்பார்கள், நாம் போய்ச் சேர்ந்ததும் அதற்குச் சம்மதம் என்று பேர் வைப்பார்கள். சீ!

முதலாளிக்கு நடந்தது மற்றவர்களுக்கு நடக்கக்கூடாதா? பட்டறை வாசலில் பாவாத்தாளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஊர் வரிசையில் நின்றது. கோழிக்கடைக்காரர் வந்தார், மண்டபக்காரர் வந்தார், வீட்டுப் பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிய, அவள் ஒவ்வொருவர் முகத்துக்கும் கையைச் சுற்றி நெட்டி முறித்து "என்னுதாப் போவட்டும்" என்றாள். குனிந்தவர்கள் நிமிர்ந்து, "இது என்னுதில்லை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள், பூசணிக்காயை முச்சந்தியில் உடைத்துவிட்டு வருகிறவர்கள் போல. இனி எவ்வளவு வேண்டுமானாலும் எறியலாம் என்று ஆனதும், முன்பு எறியாதவர்கள்கூட எறிந்தார்கள். பழைய மெத்தை, செத்த நாய், காலாவதியான மாத்திரை, எதுவும் மிச்சமில்லை. துப்புச்சட்டிகள் பரணுக்குப் போயின.

பாவாத்தாளுக்கு ஓடைக்கரையில் ஒரு தகரக் கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். விடியலில் அவள் அங்கே போய்க் குனிந்தால் ஊர் முழுக்க அவள் வாய்வழியாக வரும். சாயம் வரும், சாயத்தோடு மயிர் வரும், இலை வரும், ஊசிய கறி வரும், யார் வீட்டுப் பிள்ளையின் பீத்துணியோ வரும், அவள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் துப்பிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மட்டும் வாய் ஓயும், அப்போது கஞ்சியைக் கவிழ்த்துக்கொள்வாள், இரண்டு வார்த்தை பேசுவாள். நாக்கு கன்றிக் கறுத்துவிட்டது, பல் ஆடியது. எதைத் தின்றாலும் ஆசிட் ருசிதான் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள், வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவளைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தங்கள் நாற்றத்துக்குத்தான் பொத்துகிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மேகலா முழுகாமல் இருந்தாள். நாத்தனாரை நங்கையா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்; அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள், ஆனால் அந்த நாட்களில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"நங்கையா, கோவிச்சுக்காதீங்க. நீங்க பக்கத்துல வந்தாலே எனக்குக் கொடலைப் பொரட்டுது. கொழந்தை பொறந்தா நீங்க தொட வேண்டாம்."

"தூக்க மாட்டேன் அம்மிணி. சேனைக்கு மட்டும் ஒரே ஒரு வெரலு. நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிக்கறேன்."

"சேனைக்கு மொதலாளியைச் சொல்லியாச்சுங்க. இப்ப எல்லாப் பிள்ளைக்கும் அவருதானுங்களே வெக்கறாரு. சுத்தமான வாய்."

அது உண்மைதான். முத்துரத்தினம் கிராம்பு மென்றுகொண்டு, வெள்ளை வேட்டியில், பிறந்த வீடெல்லாம் போய்ச் சேனை வைத்துக்கொண்டிருந்தார். பாவாத்தாள் தம்பியைப் பார்த்தாள். தெய்வசிகாமணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று இரவு அவள் ஈரத் துண்டை வாயில் கடித்துக்கொண்டு அழுததைப் பக்கத்து வீட்டிலிருந்த நாங்கள் கேட்டோம். அவளுடைய அழுகையை யாரும் என்னுது என்று சொல்லவில்லை.

ஐப்பசியில் அவளுக்குக் கீழ்வரிசைப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. ஒரு நாள் நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தாள். வரிசையில் நின்றவர்கள் பதறிப்போனார்கள். அவளுக்காகப் பதறினார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். "இவொ போயிட்டா அப்புறம் யாருங்க?" என்ற கேள்வி ஊர் முழுக்கப் பரவியது. வேறு யாராவது ஏற்றுக்கொள்கிறார்களா என்று சங்கம் மைக் வைத்துக் கேட்டுப் பார்த்தது, பணமும் தருகிறோம் என்றது. பணத்துக்காக இரண்டொருவர்தான் வந்தார்கள். வாயளவில் என்னுது என்று சொன்ன அவர்களுக்கும் எதுவும் வந்து சேரவில்லை. மனசார வேண்டும் போலிருக்கிறது, அந்த மனசு ஊரில் வேறு யாரிடமும் இல்லை.

அறவாழிதான் வழி கண்டுபிடித்தார். "குணம் என்பது உள்ளே முளைப்பதல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது. சேனை என்றால் என்ன? ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குள் நுழைகிற வாசல் அல்லவா! பாவாத்தாள் அம்மையாரின் குணத்தோடு ஒரு குழந்தை நமக்கு வேண்டும். இரத்த சம்பந்தமும் இருந்துவிட்டால் விசேஷம்." மனிதன் தோலோடு முடிகிறவன் என்று அதே மேடையில் அதே மனிதர் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது, அருவருப்பாக இருந்தது, இருந்தும் நானும் மற்றவர்களோடு சேர்ந்து சேனைப் பந்தலுக்குக் கால் நட்டேன்.

மேகலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று, சங்கமே தட்டுகளோடு தெய்வசிகாமணி வீட்டுக்கு வந்துவிட்டது. பழம், பூ, பட்டுத்துணி, வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர். சேனையைப் பாவாத்தாள்தான் வைக்க வேண்டும் என்று முதலாளியே ஆசைப்படுகிறார் என்றார்கள். மேகலாவிடம் தெய்வசிகாமணி, "ஊரே வந்து கேக்குது, மரியாதைதானே" என்றான். அவள் ஒன்றும் புரியாமல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பாவாத்தாளுக்கு ஆள் அனுப்பியபோது அவள் நம்பவில்லை. நம்பியதும் கொட்டகையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். புளியால் தேய்த்தாள், சாம்பலால் தேய்த்தாள், சோப்பால் தேய்த்தாள், வலது கை மோதிர விரல் தோல் உரிந்து சிவந்துபோனது. தீபாவளிக்கு எடுத்துவைத்த சேலையைக் கட்டினாள். வாய் ஓய்ந்திருந்த பொழுது. வெளுத்த வானத்தின் கீழ், பல்லில்லாத வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

விரலைக் கிண்ணத்தில் தோய்த்தாள். மேகலா குழந்தையை நீட்டினாள், நீட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து முத்துரத்தினம் இரண்டு வார்த்தை பேச ஆசைப்பட்டார். மைக் பிடித்துப் பழகிய மனுஷன், பேசாமல் இருக்க முடியவில்லை.

"இந்தப் பாப்பா நம்ம பாவாத்தாக்கா மாதிரியே வளரோணும். அக்காவுக்கு அப்புறம் நம்ம ஊருக்கு வாய் இந்தப் பாப்பாதான். சங்கம் இப்பவே அதுக்கு ஏற்பாடு பண்ணிருச்சு." அவர் கையைக் காட்டினார். கடைசித் தட்டில் துணி மூடியிருந்ததை எடுத்தார்கள். குழந்தைகள் உட்காருகிற சின்ன ரோஸ் கலர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது.

கூட்டம் கைதட்டியது. விரல் நுனியில் சர்க்கரைத் தண்ணீர் திரண்டு நிற்க, பாவாத்தாள் அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க மொதலாளி?"

"பாப்பாவுக்குத்தானுங்க அக்கா. நடக்கப் பழகுனதும் உங்க பக்கத்துலயே போட்டா, பாத்துப் பாத்துப் பழகிக்கும்."

"பாப்பாவைக் கேட்டீங்களா?"

அறவாழி கனிவோடு குறுக்கிட்டார். "குழந்தை மறுக்கவில்லையே அம்மா."

"என்னையக் கேட்டப்ப நானும் மறுக்கலீங்க" என்றாள் பாவாத்தாள். "மறுக்கத் தெரியலை. எனக்கு யாரு சேனை வெச்சாங்களோ, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

குழந்தை பால் தேடி வாயைத் திறந்து திறந்து மூடியது. விரலுக்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட ஒரே காரியம் அங்கே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது, தொட்டால் போதும். அவள் குனிந்து குழந்தையின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "உனக்கு நான் வேண்டாஞ் சாமி. நீ ஆரு மாதிரியும் இருக்க வேண்டாம்" என்றாள். விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

முத்துரத்தினம் நிலைமையைச் சமாளிக்க வாய்விட்டுச் சிரித்தார். "அட, வெரல்ல தண்ணி காயுது பாருங்க அக்கா, யோசிச்சுட்டு நின்னா எப்படி, வெய்யுங்க, வெய்யுங்க!"

பாவாத்தாள் வைத்தாள். சிரித்துத் திறந்திருந்த அவர் வாய்க்குள், கிராம்பு வாசத்துக்கு நடுவே, விரலை அடிநாக்கு வரைக்கும் விட்டு நன்றாகத் தேய்த்து வைத்தாள். பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரலில், அதே பாசத்தோடு, "என்றெ கொணம் உங்களுக்கு வரட்டும். நல்லா இருங்க சாமி" என்றாள்.

முத்துரத்தினத்துக்கு முகம் கறுத்தது. கன்னம் உப்ப, துப்புவதற்காக வாசல் சாக்கடைக்கு ஓடினார். சாக்கடை ஓடைக்குப் போகிறது என்பது அங்கே போனதும்தான் ஞாபகம் வந்தது. துப்பினால் நாளைக்கு வரும். திரும்பி வந்து பாவாத்தாளுக்கு முன்னால் தலையைக் குனிந்து காட்டினார், வழக்கப்படி. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இனி முடியாதுங்க. உங்களுது உங்களுக்கு" என்றாள். அவர் தெய்வசிகாமணியைப் பார்த்தார், அவன் கூட்டத்துக்குள் ஒதுங்கினான். வேறு வழியில்லாமல் விழுங்கினார். வெறும் சர்க்கரைத் தண்ணீர், ஒரு சொட்டு. விஷத்தை விழுங்குகிறவர் போல அவர் தொண்டை ஏறி இறங்கியது.

பட்டறையிலிருந்து ஒரு ஆள் மூச்சு வாங்க ஓடிவந்தான். விசேஷம் முடியட்டும் என்று அன்றைக்கு வால்வைத் திறக்காமல் வைத்திருந்தார்கள், தொட்டி விளிம்புக்கு வந்துவிட்டதாம், இன்னும் கொஞ்ச நேரத்தில் ரோஜாத் தோட்டத்துக்குள் இறங்கி மோட்டார் ரூமை முக்கிவிடுமாம். "தொறக்கறதா வேண்டாமான்னு யாராச்சும் சொல்லுங்க" என்றான்.

யாரும் அசையவில்லை. முத்துரத்தினம், இனி யார் வாய் என்று தேடுகிறவர் போல, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கண் பக்கத்தில் வர வர நாங்கள் வாயை இறுக மூடிக்கொண்டோம். அறவாழி கைக்குட்டையை வைத்து மூடிக்கொண்டார். எங்கள் எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு அந்தக் கண் இறங்கிப்போய், கடைசியில், வாசற்படியில் இருந்த குழந்தை மேல் நின்றது.

மேகலா குழந்தையின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். பிறகு எழுந்து நின்று, முதலாளிக்கு முன்னால் அதுவரை நிமிர்ந்தே பேசாதவள், ரோஸ் நாற்காலியைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு, "தொட்டி வழியுதாமுங்க. போய்த் தொறங்க. இல்லாட்டி மிஷினைப் போடுங்க" என்றாள்.

அவர் போனார். திறந்தாரா, மிஷினைப் போட்டாரா என்று பார்க்க யாரும் பின்னால் போகவில்லை, எங்களுக்கு எங்கள் கவலை வந்துவிட்டது. காலையில் ஓடையில் எதையெதை எறிந்தோம் என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம். பரணில் ஏணி சாத்தித் துப்புச்சட்டிகளைத் தேடும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. அன்றைக்கு எங்கள் தெருவில் அடுப்பு எரிந்தும் ஒருவர் தொண்டையிலும் சோறு இறங்கவில்லை. பாவாத்தாள் மட்டும், மேகலா தன் கையால் போட்டுவைத்த பழைய சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து, பல்லில்லாத ஈறால் வெங்காயத்தை நசுக்கி நசுக்கி, உப்பு பத்தலை என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு வட்டில் சாப்பிட்டாளாம்.